வெள்ளை ஒயினில் ஓக் சுவை பிசகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஓக் பீப்பாயில் கிடந்த வெள்ளை ஒயின் வாய்க்குப் பிடிக்காமல் போனால், உடனே வரும் தீர்ப்பு ஒன்றுதான்: “மரம் தூக்கலாக இருக்கிறது.” இந்தத் தீர்ப்பை அவசரப்பட்டு ஏற்காதீர்கள். பீப்பாய்க்குள் நான்கு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மரம் தன் சாரத்தை ஒயினில் இறக்குகிறது. பீப்பாய் செய்தபோது உட்புறத்தை வாட்டிய தீ விட்டுச்சென்ற பொருட்கள் கரைகின்றன. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தங்கள் பங்குக்குச் சுவையை மாற்றுகின்றன. மர நுண்துளைகள் வழியாகவும் வாய் அடைப்பின் ஓரமாகவும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது. இந்த நான்கில் எது காரணம் என்று தெரியாமல் மருந்து போட்டால், தேறக்கூடிய ஒயினும் கெட்டுவிடும்.

ஒயின் செய்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். புட்டியைத் திறந்து குடிப்பவர்களுக்கும் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பகுதிகள் உதவும்.

எதையும் முடிவு செய்வதற்கு முன்

வெப்பநிலையைப் பாருங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, 5 அல்லது 6 டிகிரி செல்சியஸில் சுவைத்தால் பழ மணம் அடங்கிவிடும். கைப்பும் துவர்ப்பும் புளிப்பும் துருத்திக்கொண்டு நிற்கும். ஓக் கண்ட வெள்ளை ஒயினுக்கு 10 முதல் 13 டிகிரி வரை பொருத்தம். அதைவிடச் சூடானால் கோளாறு மறுபக்கம் சாயும்: ஆல்கஹாலும் வெனிலாவும் முந்திக்கொள்ளும்.

வாய் அகன்ற கோப்பையில் ஊற்றி, ஒருமுறை முகர்ந்துவிட்டு, 20 நிமிடம் கழித்து மறுபடி முகருங்கள். இதற்குள் மறைந்துவிட்ட குறை எதுவோ அதற்கு மருத்துவம் வேண்டாம். நிற்கிற குறைக்குத்தான் கீழே உள்ள வழிகள்.

இன்னொரு பழக்கமும் தேவை. மூக்கில் தெரிவதையும் வாயில் தெரிவதையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். தேங்காய், வெனிலா, கிராம்பு, புகை எல்லாம் ஆவியாகும் மூலக்கூறுகள். அவற்றின் இடம் மூக்கு. ஈறு இழுப்பதும் நாக்கு வறள்வதும் டானின்; அதன் இடம் வாய். இரண்டையும் சேர்த்து ‘ஓக்’ என்று ஒரே சொல்லில் எழுதி வைத்தால் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

வெண்ணெய் மணம் தூக்கலாக இருக்கிறது

மரத்தின் மேல் அதிகமாகச் சுமத்தப்படும் பொய்ப் பழி இது. வெண்ணெய் மணத்தைத் தருவது டையசிட்டைல் என்ற பொருள். ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா, கூர்மையான மேலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது சிட்ரிக் அமிலத்தையும் தின்கிறது. அதன் விளைவாக உண்டாவதே இந்த மணம். எஃகுத் தொட்டியிலும் இது நடக்கும். ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை வகையின் ஒயின்களில் பீப்பாயும் இந்த இரண்டாம் நொதித்தலும் பல இடங்களில் சேர்ந்தே வருவதால் பழி மரத்துக்குப் போய்விட்டது.

நிவாரணம் எளிது, பொறுமைதான் வேண்டும். ஈஸ்ட் வண்டல் இன்னும் அடியில் இருந்தால் ஒயினை அதன்மேலேயே சில வாரங்கள் விட்டுவையுங்கள். உயிருள்ள ஈஸ்ட், டையசிட்டைலை மணம் குறைந்த பொருளாக மாற்றிவிடும். ஒயினைக் காக்கச் சேர்க்கும் சல்பர் டை ஆக்சைடு டையசிட்டைலைப் பிணைத்துக்கொள்வதால், அதைச் சேர்த்தவுடன் வெண்ணெய் குறைந்தது போலத் தோன்றும், ஆனால் அந்தப் பிணைப்பு நிரந்தரம் இல்லை. புட்டியில் சல்பர் குறையக் குறைய மணம் திரும்பி வரும். அடுத்த ஆண்டு வெண்ணெயே வேண்டாம் என்றால் மேலிக் மாற்றம் நடக்கவிடாமல் தடுங்கள், அல்லது அது முடிந்த கையோடு வண்டலை அகற்றிவிடாமல் இருங்கள்.

தேங்காயும் வெனிலாவும் மட்டும் தெரிகின்றன; பழத்தைக் காணவில்லை

இது உண்மையிலேயே மரத்தின் குறைதான். எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும்.

தேங்காய் மணம் தூக்கலாக இருந்தால் மரத்தின் இனத்தைச் சந்தேகியுங்கள். அமெரிக்க வெள்ளை ஓக்கில் ‘விஸ்கி லாக்டோன்’ எனப்படும் பொருள் ஐரோப்பிய ஓக் இனங்களைவிட மிகுதி. தேங்காயும் இனிப்பான மர மணமும் அதிலிருந்து வருகின்றன. வெனிலா மேலோங்கினால் தீயைப் பாருங்கள்: நடுத்தர அளவில் வாட்டும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து வெனிலின் உண்டாகிறது. கிராம்பு மணம் தருவது யூஜினால். அது மரத்திலேயே இருப்பது.

பீப்பாயின் வயதும் அளவும் அடுத்த கேள்வி. புதுப் பீப்பாய் தன் சாரத்தின் பெரும்பகுதியை முதல் முறையிலேயே கொடுத்துவிடும். மூன்று, நான்கு முறை பயன்படுத்திய பிறகு அது ஏறக்குறைய வெறும் பாத்திரம்தான். அளவில் சிறியது வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். பிரான்சின் ஒயின் பகுதிகளான போர்டோவின் பீப்பாய் 225 லிட்டர், பர்கண்டியின் பீப்பாய் 228 லிட்டர். அதே வடிவத்தில் 50 லிட்டர் பீப்பாய் ஒன்றை எடுத்தால், ஒரு லிட்டர் ஒயின் தொடும் மரப்பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். பெரிய பீப்பாய்க்கு எழுதிய மாதக்கணக்கைச் சிறிய பீப்பாயில் அப்படியே பின்பற்றினால் மரம் மிஞ்சிப்போவது உறுதி. சிறிய பீப்பாயை மாதத்துக்கு ஒருமுறை சுவைத்தால் போதாது. வாரம் ஒருமுறை சுவையுங்கள்.

மூன்றாவது காரணத்தைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. சாற்றைப் பீப்பாயிலேயே நொதிக்க வைத்தீர்களா, அல்லது தொட்டியில் நொதித்து முடிந்த ஒயினைப் பீப்பாய்க்கு மாற்றினீர்களா? பீப்பாயில் நொதித்த ஒயினில்தான் மரம் குறைவாகத் தெரியும். கேட்க முரணாக இருந்தாலும் காரணம் தெளிவானது: வேலை செய்துகொண்டிருக்கும் ஈஸ்ட், வெனிலினை மணமற்ற வேறொரு ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது; அடியில் படியும் வண்டலும் மரத்தின் பொருட்களைத் தன்மேல் பிடித்து வைத்துக்கொள்கிறது. நிறம்கூட வெளிறியே இருக்கும். நொதித்து, தெளிந்து, வண்டல் நீங்கிய ஒயினைப் புது மரத்தில் போட்டால் இந்தக் காவல் இரண்டும் கிடையாது. வெள்ளை ஒயினுக்குப் புதுப் பீப்பாய் வாங்கியவர் அதில் நொதிக்க வைக்காமல் விடுவது பெரிய வீண் என்பது என் உறுதியான கருத்து.

மிஞ்சிய மரத்துக்கு நம்பகமான மருந்து கலவை. ஓக் படாத அதே ஆண்டு ஒயின் கையில் இருந்தால் ஐந்து கோப்பைகளை வரிசையாக வையுங்கள். முதல் கோப்பையில் பீப்பாய் ஒயின் மட்டும், 100 மில்லி. அடுத்தவற்றில் 90, 80, 70, 60 மில்லி பீப்பாய் ஒயின். மீதியைத் தொட்டி ஒயினால் நிரப்புங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சீட்டு ஒட்டி, இடம் மாற்றி வைத்துவிட்டு, மூடி, அரை மணி நேரம் கழித்து முகருங்கள். ஏதோ ஒரு கோப்பையில் வெனிலா தனியே நிற்பதை விட்டுவிட்டுப் பழத்தோடு சேர்ந்துகொள்ளும். அதற்கு முந்தைய கோப்பையில் மரம் முதலில் வரும், பழம் பின்னால் வரும். இதில் இரண்டும் ஒரே மூச்சில் வரும். மறுநாள் புதிதாகக் கலந்து அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு நாளும் ஒரே கோப்பையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் பீப்பாயைத் தொடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கலக்கும் இரண்டில் ஒன்று மேலிக் மாற்றம் முடித்ததாகவும் மற்றது முடிக்காததாகவும் இருந்தால், கலவை புட்டிக்குள் மறுபடி நொதிக்கக்கூடும். ஒயின் கலங்கும், வாயு சேரும். சல்பர் அளவைச் சரிபார்த்து, முடிந்தால் நுண்வடிகட்டி வழியாகச் செலுத்திய பிறகே புட்டியில் அடையுங்கள்.

கலக்க ஒயின் இல்லாதவர்கள் கேசீன் என்ற பால் புரதத்தால் தெளிய வைத்துப் பார்க்கலாம். மர டானினையும் ஓரளவு மர மணத்தையும் அது இழுத்துப்போகும். நல்ல மணத்திலும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். அதனால் சிறிய அளவில் சோதித்துவிட்டு இறங்குங்கள். பால் ஒவ்வாதவர்கள் உண்டு என்பதால், கேசீன் பயன்படுத்தியதைக் குடிப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஓக் துண்டுகளைப் போட்டு இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு ஒரு சொல். துண்டுகள் சாரத்தை நாள்கணக்கில் இறக்கிவிடும். மாதக்கணக்கில் ஊறவிட வேண்டியதில்லை. வெள்ளை ஒயினுக்கு லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை சுவைத்து, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும்போதே எடுத்துவிடுவது நல்லது.

அறுத்த பலகையின் வாடை

மரத்தூள், பச்சை மரம், பழைய காகிதம் கலந்தது போன்ற வாடை. இது தேங்காயும் வெனிலாவும் தரும் மர மணத்திலிருந்து வேறுபட்டது. சரியாக உலராத பலகையின் குற்றம். நல்ல பீப்பாய்ப் பலகைகள் வெயிலிலும் மழையிலும் 24 முதல் 36 மாதம் வரை திறந்தவெளியில் கிடந்து பக்குவப்படும். அந்தக் காலம் குறைந்தால் டிரான்ஸ்-2-நோனெனால் என்ற பொருள் மரத்தில் தங்கி ஒயினில் இறங்குகிறது. வாட்டுவதால் அது குறையும் என்பதால் மேலோட்டமாக மட்டும் வாட்டிய பீப்பாயில் இந்த வாடை கூடுதலாக எழும்.

ஒயினை உடனே பீப்பாயிலிருந்து எடுத்து நல்ல வண்டல் உள்ள வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். வாடை லேசானதாக இருந்தால் தணியும். அந்தப் பீப்பாயில் மறுபடி வெள்ளை ஒயின் வைக்க வேண்டாம்.

புகை, கருகல், சாம்பல்

புகை மணம் குவாயகால் என்ற பொருளால் வருகிறது. உட்புறத்தை எவ்வளவு கடுமையாக வாட்டினார்களோ அவ்வளவு கூடும். வெள்ளை ஒயினுக்குக் கடும் வாட்டல் பீப்பாய் பொருந்துவது அரிது; லேசானது அல்லது நடுத்தரம் கேளுங்கள்.

பீப்பாயைக் குறை சொல்லுமுன் திராட்சையையும் விசாரியுங்கள். காட்டுத்தீயின் புகை தோட்டத்தின் மேல் படிந்திருந்தால், பீப்பாயே காணாத ஒயினிலும் இதே குவாயகால் இருக்கும். ஒரு வேறுபாடு உண்டு. புகை படிந்த திராட்சையில் அது சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்திருக்கும். வாயில் உமிழ்நீர் பட்டதும் அந்தப் பிணைப்பு அவிழ்வதால், விழுங்கிய பிறகு சாம்பல் சுவை ஏறிக்கொண்டே போகும். பீப்பாய்ப் புகை முதலில் மூக்கில் தெரிந்து, வாயில் மெல்லத் தணியும். அதே திராட்சையில் தொட்டியில் செய்த ஒயினைச் சுவைத்தால் ஐயம் தீரும்.

தீக்குச்சி கிழித்த மணம்

இதைக் கண்டு பதற வேண்டாம். பீப்பாயில், வண்டலோடு இருந்த ஷார்டனேயில் மெல்லிய தீக்குச்சி மணம் வருவதைப் பலர் விரும்பித் தேடுகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஈஸ்ட் உண்டாக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம்.

ஆனால் அழுகிய முட்டை, ரப்பர், வெங்காயம் என்று போனால் அது கோளாறு. சுத்தமான செப்புத் துண்டு ஒன்றைக் கோப்பையில் போட்டுக் கலக்கி, சில நிமிடம் கழித்து முகருங்கள். அழுகிய முட்டை வாடை போய்விட்டால் காற்றோட்டமாக ஒருமுறை வேறு பீப்பாய்க்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இந்தச் சோதனைக் கோப்பையைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். அடியில் தடித்த வண்டல் அடுக்கு இருந்தால் அதைக் கிளறிவிடுவதும் உதவும்; வாடை பிறக்கும் இடம் அந்த அடுக்கின் ஆழம்தான்.

ஈறு இழுக்கிறது, நாக்கு வறள்கிறது

ஐரோப்பிய ஓக்கில் எல்லாஜிடானின் என்ற மர டானின் மிகுதி. அதிலும் பிரான்சின் லிமூசான் பகுதி மரம் துவர்ப்பு கூடியது. அலியே, திரான்சே காடுகளின் மரம் இழை நெருக்கமானது, மணம் மிகுந்தது, துவர்ப்பில் அடக்கமானது. புதுப் பீப்பாயைப் பயன்படுத்துமுன் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து வடித்தால் கூர்மையான டானின் கொஞ்சம் வெளியேறும்.

வெள்ளை ஒயினில் துவர்ப்புக்கு வேறொரு பெரிய காரணம் பிழிதல். தோலையும் காம்பையும் கடுமையாக நசுக்கியிருந்தால் பீப்பாயைக் குறை சொல்லிப் பயனில்லை. பீப்பாய்க்குப் போகுமுன் எடுத்து வைத்த மாதிரி இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு புட்டி முழுக்க நிரப்பி எடுத்து வைப்பது இந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்கும்.

நிறம் பழுத்துவிட்டது, அடிபட்ட ஆப்பிள், வெந்தயம்

இது காற்றின் வேலை. பீப்பாயில் நேரும் இழப்புகளில் இதுதான் மனத்துக்கு வருத்தம் தருவது. பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடியது, வந்தபின் திருப்ப முடியாதது.

அடிபட்ட ஆப்பிள் மணம் அசிட்டால்டிஹைடு. வெந்தய மணம் சோட்டோலான். வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான அதே பொருள்தான் ஆக்சிஜனேறிய வெள்ளை ஒயினிலும் உண்டாகிறது. வெந்தயம் மூக்கில் பட்டால் ஒயின் நெடுந்தூரம் போய்விட்டது என்று பொருள்.

முதலில் பீப்பாயின் வாயைப் பாருங்கள். அடைப்பை எடுத்ததும் விளக்கை உள்ளே காட்டுங்கள். ஒயின் மட்டம் துளையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். விரலை விட்டால் நனையாமல் வெற்றிடம் இருந்தால் அந்த இடம் முழுவதும் காற்று. அடைப்பைச் சுற்றியுள்ள மரவளையத்தைத் தனியே முகர்ந்து பாருங்கள். கோளாறு பலநேரம் ஒயினில் தெரியுமுன் அங்கே தெரியும். மரம் ஒயினை உறிஞ்சுகிறது, நீரும் ஆல்கஹாலும் பலகை வழியே ஆவியாகின்றன. ஆகவே மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். புதுப் பீப்பாய் முதல் சில வாரங்களில் கூடுதலாகவே குடிக்கும். அந்த வாரங்களில் வாரம் இருமுறை நிரப்புங்கள். பிறகு வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை. நிரப்புவதற்கு அதே ஒயினைச் சிறிய கண்ணாடிக் குடுவைகளில் விளிம்புவரை நிரப்பித் தனியே வைத்திருக்க வேண்டும். பாதி காலியான குடுவையிலிருந்து எடுத்து நிரப்பினால் கெட்டதை நல்லதில் ஊற்றுகிறீர்கள்.

அடுத்து சல்பர் டை ஆக்சைடு. இதன் காவல் பிஎச் அளவைப் பொறுத்தது (புளிப்பைக் காட்டும் எண் இது; எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்). பிஎச் 3.2 ஆக இருந்தால் லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம் கட்டற்ற (வேறு எதோடும் பிணையாத) சல்பர் டை ஆக்சைடு தரும் காவலுக்கு, பிஎச் 3.5இல் சுமார் 40 மில்லிகிராம் வேண்டும். மேலிக் மாற்றம் பிஎச்சைச் சற்று உயர்த்திவிடும் என்பதால், அதற்கு முன் போட்ட கணக்கு அதற்குப் பின் செல்லாது. மாற்றம் முடிந்த அன்றே மறுபடி அளந்து சேர்த்துவிடுங்கள்.

வண்டலைக் கிளறும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வண்டல் ஆக்சிஜனை உறிஞ்சி ஒயினைக் காக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை அடைப்பைத் திறந்து கிளறும்போதும் காற்று உள்ளே போகிறது. ஒயின் வாயில் கனமாக நிற்க வேண்டும் என்று வாரந்தோறும் மாதக்கணக்கில் கிளறுவது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. பர்கண்டியின் வெள்ளை ஒயின்கள் பல, 1995, 1996 அறுவடைகளிலிருந்து எதிர்பார்த்ததைவிடப் பல ஆண்டு முன்னதாகவே பழுத்துப்போகத் தொடங்கின. தக்கை, மென்மையான பிழிபொறி, குறைந்த சல்பர், அதிகக் கிளறல் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அதன் பிறகு அங்கே பல தயாரிப்பாளர்கள் கிளறுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

நிறம் சற்றே ஏறியிருந்து, மணம் இன்னும் உயிரோடு இருந்தால் பிவிபிபி என்ற தெளிவிப்பான் பழுப்பைக் கொஞ்சம் இறக்கும். மணம் போய்விட்டால் எதுவும் உதவாது.

பசை, நகப்பூச்சு நீக்கி, காடி

அசிட்டிக் பாக்டீரியா. காற்று இல்லாமல் அதனால் பெருக முடியாது. ஆகவே மேலே சொன்ன வெற்றிடமே இதற்கும் வாசல். புது மரமே சிறிதளவு அசிட்டிக் அமிலம் தரும் என்பதால் அளவு லேசாக ஏறியதும் கலங்க வேண்டாம். ஆனால் பசை வாடை தெளிவாகத் தெரிந்தால் உடனே அந்தப் பீப்பாயைத் தனிமைப்படுத்துங்கள். அதிலிருந்து மாதிரி எடுத்த குழாயை அடுத்த பீப்பாயில் விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெள்ளை ஒயினுக்கு வரம்பு அசிட்டிக் அமிலமாக லிட்டருக்கு 1.08 கிராம், நல்ல மூக்குக்கு அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். நல்ல ஒயினோடு கலந்து மறைக்கப் பார்ப்பது இரண்டையும் இழக்கும் வழி.

நனைந்த அட்டை, மணமே அடங்கிப்போனது

குளோரின் பட்ட இடத்தில் பூஞ்சை உண்டாக்கும் டிசிஏ என்ற வாடைப் பொருளின் வேலை. தக்கையிலிருந்து வரலாம், பீப்பாயிலிருந்தும் வரலாம். ஒரு புட்டியில் மட்டும் என்றால் தக்கை. எல்லாப் புட்டியிலும் என்றால் பீப்பாய் அல்லது கூடம். குளோரின் கலந்த எதையும் கொண்டு பீப்பாயையோ அது கிடக்கும் அறையையோ கழுவக் கூடாது. வெந்நீர், நீராவி, காலியாக வைக்கும்போது கந்தகப் புகை ஆகியவை போதும்.

ஓக் தெரியவே இல்லை

இது குறைதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினை 1,000 லிட்டர், 1,200 லிட்டர் கொள்ளும் பழைய பெரும் பீப்பாய்களில் வைப்பது பழைய வழக்கம். மர மணம் அங்கே யாருக்கும் தேவையில்லை. மெல்ல வரும் காற்றும் வண்டலின் துணையும்தான் தேவை. அத்தகைய ஒயினின் வாய் நிறைவைத் தொட்டி ஒயினோடு அருகருகே வைத்துச் சுவைத்தால் பீப்பாய் செய்த வேலை தெரியும்.

மணமும் வேண்டும் என்றால் பீப்பாயின் வயதைக் கேளுங்கள். நான்காம் முறையாகப் பயன்படுத்துவதாக இருந்தால் கொடுக்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை. முழுவதையும் புதுப் பீப்பாய்க்கு மாற்றுவதைவிட, ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அடுத்த அறுவடையில் புதுப் பீப்பாயில் நொதிக்க வைத்து, மீதியைப் பழையதிலேயே விட்டு, வசந்தத்தில் இரண்டையும் கலந்து பாருங்கள். இந்த ஆண்டு ஒயினுக்கு வேண்டுமானால் பழைய பீப்பாயின் வாய் வழியாகத் தொங்கவிடக்கூடிய ஓக் குச்சிகள் போதும். கயிற்றின் மறுமுனையை வெளியே கட்டி வைக்க மறக்காதீர்கள். சரியான நாளில் வெளியே எடுக்க முடிய வேண்டும்.